மாமிகிட்ட பேசினதை என்கிட்டயும் பேச வைத்தார்

போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் என் மகள் பெனிட்டா, "நான் இனிமே சர்ச்சுக்கு வரலப்பா" என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகளே, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் சபை உங்களுக்கே தெரியும். ஓய்வுநாள் பள்ளியில் சின்னதும் பெரிசும் ஒரே பெஞ்சில் உட்காருகிறீர்கள். உங்கள் அண்ணன்மார் பாதிப் பேர் வெளிநாடு. மீதிப் பேர் டிரம்ஸும் லைட்டும் இருக்கிற பெரிய சபைக்குப் போய்விட்டார்கள். சில பேர் எங்கேயுமே போவதில்லை. அந்த வரிசையில் என் பிள்ளையும்.

காரணம் நான்தான். பெனிட்டா அப்போது பிளஸ் ஒன். நிறையக் கேள்வி கேட்பாள். நான் எட்டாவதுதான். மந்தைவெளியில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பண்ணுகிறவன். எனக்குப் பதில் தெரியாது. கேட்டவுடனே அவள் தலையில் கை வைத்து, கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிடுவேன். அது போதாதென்று, ஒரு ஞாயிறு ஆராதனையில் ஜெப விண்ணப்பம் கேட்டபோது எழுந்து, "என் மகள் பெனிட்டா விசுவாசத்தில் நிலைக்க ஜெபிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். வாசலில் ஆளாளுக்கு அவள் கன்னத்தைத் தடவி, "இப்ப பரவாயில்லையாம்மா?" என்று கேட்டார்கள். ஏதோ காய்ச்சல் வந்தவளிடம் கேட்கிற மாதிரி.

அதோடு என்னிடம் பேச்சு நின்றது. டியூஷன் முடிந்தால் மயிலாப்பூரில் அவள் தோழி மைதிலி வீட்டிலேயே இருப்பாள். ஒரு நாள் கூப்பிடப் போனேன். தெரு வரைக்கும் அவள் சிரிப்புச் சத்தம். என் வீட்டில் கேட்டு எத்தனை நாளாச்சு! மைதிலியின் அம்மா வெளியே வந்தார்.

"வாங்கோ பெனிட்டா அப்பா. உங்க பொண்ணு என்னை ஒரு வேலை செய்ய விடமாட்டேங்கறா. சாமி உண்டா, செத்தா எங்க போவோம்னு கேட்டுண்டே இருக்கா. எனக்கென்ன தெரியும்? உங்கப்பாவைக் கேளுடின்னேன். 'ஐயோ மாமி, அவர் உடனே கண்ணை மூடிடுவார்'ங்கறா!"

மாமி சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது. நல்ல மனுஷி, என் பிள்ளைக்குத் தோசை போடுகிறவர். அவர் மேல் பொறாமைப்பட்டேன். நான் பெற்ற பிள்ளை, மனசை அங்கே கொட்டுகிறாளே!

மறுநாள் மத்தியானம் கடையிலேயே முழங்கால் போட்டேன். அதுவரைக்கும் 'அவளைச் சர்ச்சுக்குக் கொண்டு வாரும்' என்றுதான் கேட்டிருந்தேன். அன்றைக்கு, "ஆண்டவரே, மாமிகிட்ட பேசுறதை என்கிட்டயும் பேச வையும்" என்று அழுதேன். அவ்வளவுதான் ஜெபம்.

அதே வாரம் மயிலாப்பூர் கோயிலில் அறுபத்துமூவர் திருவிழா. அவளை ஸ்கூட்டரில் ஏற்றி வரும்போது கூட்டத்தில் மாட்டிக்கொண்டோம். "இன்னா நைனா, எங்க போற? ஆஃப் பண்ணு வண்டிய!" என்றார் போலீஸ்காரர். நிறுத்தினேன். அப்பாக்கள் தோளில் எல்லாம் பிள்ளைகள். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "இவங்களப் பாத்தா எரிச்சலா இருக்காப்பா?"

பொய் சொல்ல வரவில்லை. "ஆமாம்மா. நம்ம குருத்தோலை பவனிக்கு இதுல ஒரு தெரு கூட்டம் வந்தாப் போதும்."

சிரித்தாள். "கடவுளுக்கே எரிச்சல் வரும்னு, தன் பிள்ளைங்க வேற பக்கம் போனா தாங்கமாட்டார்னு சண்டே ஸ்கூல்ல சொன்னாங்க. நீயும் அவர மாதிரிதான்." அப்புறம், "அவர் இருக்காருன்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள்.

பழக்கத்தில் கண் மூடப் போனது. வண்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

"அப்பா! கண்ணத் தொற!"

திறந்தேன். "எனக்கும் சில நாள் சந்தேகம் வரும்மா," என்றேன். "ஆனா அந்தச் சந்தேகத்தையும் அவர்கிட்டதான் போய்ச் சொல்றேன். வேற யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

என் முதுகில் தலையைச் சாய்த்தாள். வழி விட்டதும் பேச ஆரம்பித்தவள், வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியும் இறங்காமல் பேசினாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! என் ஜெபத்துக்குப் பதில் அந்தச் சத்தம்தான்.

அவள் இப்போதும் எல்லா ஞாயிறும் வருவதில்லை. வந்த நாளில் பக்கத்தில் உட்காருகிறாள். வராத நாளில், "இன்னைக்கு என்ன பிரசங்கம்?" என்று கேட்டுச் சண்டை போடுகிறாள். நான் கண்ணைத் திறந்துகொண்டே கேட்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து ஜெபிப்பதும் உண்டு, அவள் கேட்டால் மட்டும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் சந்தேகம் வரும். அதற்காகச் சபையை விட்டு ஓடிப்போகாதீர்கள். அதையும் தூக்கிக்கொண்டு ஆண்டவரிடம் வாருங்கள். என் பிள்ளை தன் கேள்வியை முதலில் வேறு ஒருவரிடம் கொண்டுபோனதே எனக்குத் தாங்கவில்லை. உங்களைப் படைத்தவருக்கு எப்படி இருக்கும்?