மாட்டுக்கு விட்ட பாதி

பல்லடம் பக்கத்தில் எங்கள் தோட்டத்தைச் சுற்றி நாலு திசையிலும் தறிச்சத்தம் கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்தியில் அடுத்தடுத்துப் புழு விழுந்ததும் என் வீட்டுக்காரர் வெறுத்துப்போய், தோட்டத்தில் தறிக்கொட்டகை போட்டுவிடுவது என்று முடிவு கட்டிவிட்டார். நான் குறுக்கே நின்றேன். கோழிப்பண்ணைக்காரர்கள் மக்காச்சோளம் கேட்டு ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார்கள். ஒரே ஒரு வெள்ளாமை எடுத்துப் பார்ப்போம் என்று அவரோடு மல்லுக்கட்டினேன்.

"சரி, இந்த வெள்ளாமை உன்ற பொறுப்பு. வெளைஞ்சா தோட்டம், வெளையலீன்னா கொட்டாய். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது," என்றார்.

அவர் சொன்னால் சொன்னதுதான். எனக்கும் பிடிவாதத்தில் குறைச்சல் இல்லை. பிறந்த வீட்டிலும் மண், வந்த வீட்டிலும் மண். தறி முன்னால் நின்று அறுந்த நூலை முடிந்துகொண்டு காலம் தள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

விதை நன்றாகவே முளைத்தது. கூடவே சாரணை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, அருகு என்று கூப்பிடாத விருந்தாளிகளும் முளைத்தார்கள். களை எடுக்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. விடிந்ததும் வேன் வந்து பெண்களையெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். ஆள் இல்லாததைக் கூடச் சமாளித்திருப்பேன். பெரிய தடை என் மாமியார்.

எங்கள் பக்கத்தில் மாட்டுத் தீவனத்துக்கென்று போடும் தீனிச்சோளத்துக்கு யாரும் களை எடுப்பதில்லை. நெருக்கி விதைப்பார்கள், அது தானாக எழுந்து கீழே இருப்பதை அமுக்கிவிடும். இடையில் வரும் கீரை மாட்டுக்கு. அதே பழக்கத்தில் மாமியார் மக்காச்சோளத்திலும் இறங்கினார். தினமும் பொழுது சாய அரிவாளோடு போய், வளர்ந்த கீரையின் நுனியை மட்டும் அறுத்து, மாடு கட்டியிருக்கும் கட்டுத்தரைக்குக் கொண்டுபோவார். வேர் அங்கேயே இருக்கும். அறுக்க அறுக்கக் கிளைத்து வரும்.

"கொத்தைப் போட்டுக் கொத்திப்போடாதே அம்மணி. முட்டி ஒசரம் வரட்டும், அறுத்துக்கலாம். மாடு கறக்கறதே இதுலதான்," என்பார்.

மாடு தொடாத கோரையை மட்டும் வெட்டிக்கொள்ள எனக்கு உத்தரவு கிடைத்தது. அது வாய்க்கால் மூலையில்தான் மண்டியிருந்தது. இருந்த எரிச்சலையெல்லாம் அந்தக் கோரைமேல் காட்டினேன். தலை தூக்கத் தூக்கக் கிழங்கோடு தோண்டி எறிந்தேன்.

கொஞ்ச நாளில் அந்த மூலைப் பயிர் கரும்பச்சையாகி, தண்டு தடித்து நின்றது. நாலு சால் தள்ளிக் கீரைக்குள் நின்ற பயிரோ காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை மாதிரி வெளிறிப்போயிருந்தது. இரண்டுக்கும் உரம் போட்டது என் கைதான். தண்ணீரும் ஒரே கிணற்றுத் தண்ணீர். நான் போட்ட யூரியாவை யார் தின்றுகொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

மாமியாரைக் கையோடு கூட்டிவந்து காட்டினேன். "அது வாய்க்கா ஓரம், ஈரம் நிக்குது, வளருது," என்றார்.

"இல்லீங்க அத்தை. வாய்க்கா அந்தக் கடைசி வரைக்கும் போகுது. கோரை வெட்டுன எடத்துல மட்டும்தானுங்க இப்படி நிக்குது. மாட்டுக்கு நான் வரப்புல புல்லு அறுத்துக் கொண்டாரனுங்க. இனி இதுக்குள்ள அரிவா வேண்டாமுங்க."

"வரப்புப் புல்லு ஒரு நேரத்துக்குக் காணுமா?" என்று கேட்டார். அவர் குரல் இறங்கிவிட்டது. அந்தப் பால் விற்ற காசு இருந்ததால்தான் அவர் மகனிடம்கூட எதற்கும் கை நீட்டாமல் இருந்தார். அது எனக்கும் தெரியும். கடைசியில் நடு வரப்பை எல்லையாக வைத்தோம். மேற்குப் பாதிக் கீரை மாட்டுக்கு, கிழக்குப் பாதி எனக்கு. இரக்கத்தால் மட்டும் விட்டுக்கொடுத்தேன் என்று சொன்னால் பொய். பயிர் இடுப்புக்கு வந்தபின் களை எடுத்தும் புண்ணியமில்லை, படவேண்டிய பாட்டை அது பட்டு முடித்திருக்கும். அதற்குள் ஒற்றை ஆளாக என்னால் பாதிதான் முடியும்.

குத்தவைத்துக் கொத்திக்கொண்டே போனேன். உள்ளங்கை கொப்பளித்தது. துணியைச் சுற்றிக்கொண்டேன். கொத்திப் போட்ட சாரணை ஒரு தூறலில் திரும்ப வேர் பிடித்தது. விட்டேனா பார் என்று மறுபடி முதல் சாலிலிருந்து தொடங்கினேன். வீட்டுக்காரர் வரப்பில் நின்று, "இத்தனை பாட்டுக்குத் தறியே ஓட்டிப்போடலாம்," என்று சிரித்தார். "நீங்க ஓட்டுங்க, ஆரு வேண்டாம்னாங்க?" என்றேன், தலையைத் தூக்காமலே.

கதிர் ஒடிக்கும் அன்று அவரே இரண்டு பாதியிலும் இறங்கி உரித்துப் பார்த்தார். கிழக்கில் நுனிவரை மணி கட்டியிருந்தது. மேற்கில் பாதிச் செடி கதிரே வைக்கவில்லை. வைத்ததிலும் மணிகள் பொக்கைவாய் மாதிரி இடைவெளி விட்டிருந்தன.

"ரெண்டும் ஒரே வெதைதானா?"

"ஒரே வெதைதானுங்க. அங்க ரெண்டு வெள்ளாமை வெளைஞ்சுதுங்க. அதுல ஒண்ண மாடு தின்னுருச்சு."

அவர் கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கிழக்குப் பாதி உன்னுடையது, மேற்கில் கொட்டகை போடுகிறேன் என்றார். எனக்கு முழுத்தோட்டமும் வேண்டியிருந்தது. ஆனால் விளையாவிட்டால் கொட்டகை என்ற பேச்சு பேச்சுதான். சாக்கை எடுத்துக்கொண்டு மிச்சக் கதிரை ஒடிக்கப் போய்விட்டேன்.

மேற்கில் கொட்டகைக்குக் கடைக்கால் தோண்டத் தொடங்கியதும் மாமியார் என்னைத் தேடிக்கொண்டு கிழக்கே வந்தார். நான் அடுத்த பட்டத்து விதைப்புக்குச் சால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மணி, ஓரமா ஒரு நாலு சால் தீனிச்சோளம் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார்.

அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின், இந்த மண்ணில் இன்னது போடலாமா என்று என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. எந்த ஓரம் என்று யோசித்து, கையை நீட்டிக் காட்டினேன்.