ரெஸ்காவின் சாட்சியம்

ரெஸ்காவின் குரலைக் கேட்க வேண்டுமானால் சனிக்கிழமை காலையில் பங்குச்சாமியார் வீட்டுக் கீழறைக்குப் போக வேண்டும். மற்ற நாட்களில் அவள் இருக்கிற இடமே தெரியாது. அஞ்சலகத்தில் முத்திரை குத்துவாள். வீட்டுக்கு வந்து புளித்த முட்டைக்கோஸ் சூப்பைச் சூடாக்கி, வானொலியைப் பேசவிட்டுக் குடிப்பாள். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம், திருமணம் என்று திருச்சபையின் ஏழு அருட்சாதனங்களைச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் அவளுக்கு வாய் திறக்கும்.

கணவன் வின்கோ ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். நீதிமன்றம் அவர்களைப் பிரித்துவைத்து வெகுகாலம் ஆகிறது. ரெஸ்கா அதைச் சட்டை செய்யவில்லை. கோவிலில் கட்டியதை நீதிமன்றம் அவிழ்க்க முடியாது என்பது அவள் கட்சி. சிலர் அவளைப் பைத்தியம் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை.

இப்போது வின்கோவுக்கு அந்தப் பெண்ணைக் கோவிலிலேயே கைப்பிடிக்க ஆசை வந்துவிட்டது. முதல் திருமணம் திருமணமே அல்ல, அன்றைக்கு வாயால்தான் சொன்னேன், மனதால் சொல்லவில்லை என்று திருச்சபைத் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருந்தான். திங்கட்கிழமை ரெஸ்கா போய்ச் சாட்சி சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்பதை அவள் முடிவுசெய்திருந்தாள்: அவன் புளுகுகிறான், அன்று அவன் குரல் தழுதழுத்ததை என் காதால் கேட்டேன், மனதோடுதான் சொன்னான். வின்கோவின் மனைவி என்ற பெயர் ஒன்றுதான் அவளிடம் மிஞ்சியிருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டால் அவள் யார்?

அந்தச் சனிக்கிழமை பார்த்துப் பாடம் திருமணமாக வந்து தொலைந்தது. வழக்கம்போல விளையாட்டுக் கல்யாணம் வைத்தாள். ஷ்பேலா மணப்பெண், லெனார்ட் மாப்பிள்ளை. இருவர் கையையும் சேர்த்து ஒரு சால்வையால் சுற்றினாள். திருமண வாக்குறுதியைச் சொல்லும் முறை வந்ததும் மாப்பிள்ளை பின்வாங்கினான்.

"சொல்லுடா."

"மாட்டேன் டீச்சர். நெஜமாயிடுச்சுன்னா? காலம் பூரா இவகிட்ட யாரு மாட்டிக்கிட்டு முழிக்கிறது?"

"ஆமா, இவர கட்டிக்க இங்க வரிசையில நிக்கிறாங்க," என்றாள் ஷ்பேலா.

ரெஸ்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பயப்படாத. கல்யாணத்த சாமியார் பண்றதில்ல, கட்டிக்கிற ரெண்டு பேருந்தான் பண்ணிக்கிறாங்க. மனசு இல்லாம சொன்னா அது செல்லாது."

அதைக் கேட்டதும் லெனார்டுக்கு உற்சாகம் பிறந்தது. நெஞ்சில் கைவைத்து, குரல் தழுதழுக்க, வாழ்நாளெல்லாம் உனக்கு உண்மையாக இருப்பேன் என்று பிரமாதமாகச் சொன்னான். பிள்ளைகள் கைதட்டினார்கள். ரெஸ்கா தட்டவில்லை.

ஷ்பேலா கையை உருவிக்கொண்டே கேட்டாள். "டீச்சர், இவன் நடிச்சான், சரி. நான் மனசோட சொல்லியிருந்தேன்னா? எனக்கு மட்டும் கல்யாணம் ஆயிருக்குமா?"

"இல்லம்மா. ஒருத்தரா கல்யாணம் பண்ணிக்க முடியாது."

பிள்ளைகள் போன பிறகு நாற்காலிகளை அடுக்கிவைத்து, ஒன்றில் உட்கார்ந்து அழுதாள். வந்து என்னவென்று கேட்க ஆள் இல்லாததால் கண்ணைத் துடைக்க அவள் அவசரப்படவில்லை.

திங்கட்கிழமை தீர்ப்பாயத்துச் சாமியார் மரியாதையாகத்தான் கேட்டார். "அன்னைக்கு வின்கோ மனசோட சொன்னாரா அம்மா?"

"தெரியாது சாமி. கொரலு தழுதழுத்துச்சு. அது மனசுலேருந்து வந்துச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சது என்ன?"

"நான் மனசோட சொன்னேன். அத எழுதிக்குங்க."