அத்தை சுற்றிப் போன இடம்

கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் கதவின் அடிப்பலகையில் பாதித் தாமரை ஒன்று இருக்கிறது. முழுப் பூவாகச் செதுக்கியதுதான். துறைமுகத்தை ஒட்டிய முதுநகரில் உள்ள எங்கள் வீட்டின் தரை உயர்ந்தபோதெல்லாம் கதவு இடிக்காமலிருக்க ஆசாரி அதன் அடியை அறுத்தார். பூவின் கீழ்ப்பாதி அப்படித்தான் போனது. இப்போது அந்தக் கதவு தரையைத் தொடாமல், கீழே ஒரு கை நுழையும் இடைவெளியோடு தொங்குகிறது. சில நாட்களாக நான் அதன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். உட்காரும்போதெல்லாம் அத்தையின் நினைவு வருகிறது.

அத்தை என் அப்பாவின் அக்கா. கணவர் போன பிறகு எங்களோடுதான் இருந்தார். நான் சிறுவனாக இருந்தபோது வீட்டில் சிவப்புத் தரை. சிமெண்டில் காவிப் பொடி கலந்து, கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. மே மாத மத்தியானங்களில் சட்டையைக் கழற்றிவிட்டு அதில் படுத்தால் முதுகு குளிரும். சமையலறைக் கதவுக்கு முன்னால் மட்டும் அந்த வழவழப்பில் சின்னதாக ஒரு பள்ளம். ஒரு குழந்தையின் வலது கால், விரல்கள் சமையலறையைப் பார்த்தபடி. தரை போட்ட அன்று அத்தையின் மகன் பிடியை விட்டு ஓடியதில் பதிந்ததாம். பூசி மறைத்துவிடலாம் என்றிருக்கிறார் மேஸ்திரி. குழந்தை கால்தானே, இருக்கட்டும் என்று அத்தை தடுத்திருக்கிறார். அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து பையன் இறந்துவிட்டான். நான் பிறந்தது அதற்கெல்லாம் பிறகு.

அத்தை அந்த இடத்தில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. சுடுசோற்றுப் பானையோடு வந்தாலும், மாதா கோயில் பூசைக்கு நேரமாகிவிட்டதென்று ஜெபமாலையை எடுத்துக்கொண்டு ஓடினாலும், அங்கே வந்ததும் உடம்பு தானாக வளைந்து விலகிப் போகும். நான் தெரியாமல் கால் வைத்தால், அடுப்பில் பால் இருக்கிறது என்பதைப்போலச் சாதாரணமாகச் சொல்வார்: “அங்க மிதிக்காதடா. இன்னும் காயல.”

நான் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது எங்கள் தெருவில் வீடு வீடாக மொசைக் வந்தது. அப்பாவும் போட நினைத்தார். அத்தை கேட்டது ஒன்றுதான். “மேல என்னா வேணா போட்டுக்க தம்பி. அத மட்டும் ஒடைக்காத.” சிவப்புத் தரையை மூடி அதன்மேல் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் தூவினார்கள். மெஷின் வைத்துத் தேய்த்தபோது சாம்பல் நிறக் குழம்பு வாசல்வரை ஓடியது. கறை தெரியாத தரை என்று அம்மாவுக்குச் சந்தோஷம். முதல்நாள் காலை அத்தை காபி டம்ளரோடு புதுத் தரையில் நடந்து வந்தார். அடையாளம் எதுவும் இல்லாத அந்த இடத்துக்கு வந்ததும் வளைந்து போனார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடைசிவரை அத்தை அப்படித்தான் நடந்தார்.

அவர் இறந்து வெகுநாள் கழித்து என் மனைவி டைல்ஸ் கேட்டாள். மொசைக்கை உடைத்தால் வீடெல்லாம் தூசி, மேலேயே ஒட்டிவிடலாம் என்றார்கள். எனக்கும் உடைக்க மனமில்லை. கதவு இன்னொரு முறை அறுபட்டது. கண்ணாடிபோல் மின்னிய அந்தத் தரையில்தான் என் மகள் நடை பழகினாள். ஒருநாள் பாப்பா தத்தித் தத்திச் சமையலறைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு முன்னால் வந்ததும் வளைந்து போனாள். வளர்ந்த பிறகும் அப்படித்தான். ஏன் என்று மனைவி கேட்டபோது, “அங்க ஈரமா இருக்கும்மா” என்றாள். மனைவி குனிந்து துடைத்தாள். துணி நனையவில்லை. அத்தையின் மகனைப் பற்றி நான் வீட்டில் யாரிடமும் பேசியதில்லை.

இந்தக் கோடையில் ஒரு மத்தியானம் பாப்பா கூடத்திலிருந்து சமையலறைக்கு ஓடினாள். கதவை நெருங்கியதும் வழக்கம்போல் விலகினாள். அந்த நொடியில் வெடிச் சத்தம். அவள் விலகிய இடத்தில் டைல்ஸ் கூடாரம்போல எழும்பி உடைந்து, கத்தி முனைகளாக நின்றது. பாப்பாவின் கொலுசுக்கும் அதற்கும் நடுவே என் உள்ளங்கை அகலம்தான் இருந்தது. இடைவெளி விடாமல் நெருக்கி ஒட்டியிருக்கிறார்கள், வெயிலுக்குத் தூக்கிவிட்டது என்று வந்து பார்த்த மேஸ்திரி காரணம் சொன்னார். காரணம் புரிந்தது.

அன்றைக்கே மனைவியையும் பாப்பாவையும் சிதம்பரத்தில் மனைவியின் தம்பி வீட்டுக்கு அனுப்பினேன். “என்னா மாமா, தீபாவளிக்கு முன்னாடியே உங்க வீட்டுத் தரை வெடிச்சிடுச்சாமே” என்று போனில் சிரித்தான் மச்சான். அங்கே கிரானைட் தரை. பாப்பா எப்படி நடக்கிறாள் என்று கேட்டேன். “நடக்கறாளா? நேரா ஓடுறா மாமா, பிடிக்க முடியல” என்றான்.

இங்கே டைல்ஸை எடுத்து, மொசைக்கையும் பெயர்க்கச் சொன்னேன். முழுக்க உடைத்துப் பார்க்காமல் குழந்தையை இந்த வீட்டில் நடக்கவிட எனக்குத் தைரியமில்லை. அடியில் சிவப்புத் தரை அங்கங்கே கொத்துப்பட்டு வெளிவந்தது. குழந்தையின் பாதம் பதிந்த பள்ளத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்குள் மட்டும் ஈரம். துறைமுகத்துப் பக்கம் உப்புத் தண்ணி மேலே ஏறும் சார் என்றார் மேஸ்திரி. மற்ற இடமெல்லாம் ஏன் காய்ந்து கிடக்கிறது என்று கேட்டேன். அவர் கரணையைக் கழுவ ஆரம்பித்தார். ஃபேன் வைத்தேன். துணியால் ஒற்றினேன். துணி நனைந்தது. திரும்பி வந்து பார்த்தால் விரல் நுனிவரை பழையபடி மினுங்கியது.

பள்ளி திறக்கப்போகிறது. சீக்கிரம் எதையாவது போட்டு மூடுங்க, நாங்க வரணுமில்ல என்று மனைவி நேற்றுப் போனில் சொன்னாள். நான் பதில் சொல்வதற்குள் பாப்பா போனை வாங்கிக்கொண்டாள்.

“அப்பா, அங்க காஞ்சிடுச்சா?”

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. “இன்னும் காயலம்மா” என்றேன்.

“சரிப்பா. நான் சுத்தியே வரேன்.”

மேஸ்திரியிடம் மேலே எதுவும் போட வேண்டாம், கொத்துப்பட்ட இடங்களில் மட்டும் காவி கலந்து பூசுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போய் இருவரையும் அழைத்து வரப்போகிறேன். கதவின் அடியில் பலகை சேர்த்து, மீதிப் பூவையும் செதுக்கித் தருவதாக ஆசாரி சொன்னார். இப்போது வேண்டாம் என்றேன். மூடிய கதவின் பாதித் தாமரைக்குக் கீழே சமையலறை வெளிச்சம் வருகிறது. அது முதலில் விழுவது அந்த ஐந்து விரல்கள்மேல்தான். கொஞ்சம் முன்பு தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். நானும் வளைந்துதான் போனேன்.