வியாழக்கிழமை ஜோடி

சீஷத்துவம், அதாவது இயேசுவின் சீடராக வாழப் பழகுவது, என்ற சொல்லைப் புதிய போதகர் பிரசங்க பீடத்திலிருந்து முதல் முறையாகச் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம்கூடக் கிடையாது. காளிகாட் மெட்ரோவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த வங்காளிச் சபை ஒன்றின் ஆலயத்தை ஞாயிறு மாலைகளில் இரவல் வாங்கி ஆராதித்துக்கொண்டிருந்தோம். பாதிப் பேர் மாற்றலில் வந்தவர்கள், மீதிப் பேர் மாற்றலுக்குக் காத்திருப்பவர்கள். இதில் என்ன ஆவிக்குரிய வளர்ச்சி என்று நினைத்தேன். பன்னிரண்டு வருடமாகச் சபைச் செயலர் நான். என்னைக் கேட்காமல் அங்கே ஒரு நாற்காலி நகராது.

போதகர் விடவில்லை. "ஞாயித்துக்கிழமை ஒன்றரை மணி நேரம் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பாடுறோம். பக்கத்துல இருக்கிறவர் எதுல விழுந்து கெடக்காருன்னு நமக்குத் தெரியுமா?" என்றார். சீட்டுக் குலுக்கி, ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று ஜோடி சேர்த்தார். வாரம் ஒரு நாள் சந்தித்து வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசிக்க வேண்டும். அந்த வாரம் தான் தவறிய ஒன்றை ஒருவர் மற்றவரிடம் சொல்ல வேண்டும். கேட்டவர் அதற்காக ஜெபிக்க வேண்டும். இப்படி ஒரு வருடம். என் மனைவிக்கு வாய்த்தவர் பெஹாலாவில் எங்களுக்கு அடுத்த தெருக்காரர். முதல் சந்திப்பே மூன்று மணி நேரம் நடந்தது. அதில் ஜெபம் எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று சாப்பாடு கிடைத்திருக்காது.

என் சீட்டில் இருந்த பெயரைப் பார்த்ததும் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவர் கார்டன் ரீச்சில், கப்பல் பட்டறைப் பக்கம் குடியிருந்தார். என்னைப் போலவே திருநெல்வேலிக்காரர். நான் வேலை பார்த்த மத்திய அரசு அலுவலகத்தில் என் பிரிவிலேயே உதவியாளராக இருந்தவர். ஐந்து வருடங்களுக்கு முன் சபையின் வருடாந்தரக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து, "நம்ம கீதப் பவனி கார் நிறுத்த எடம் உள்ள வீட்டுக்கு மட்டும்தான் போகுமா? கப்பல் பட்டறையில வேல பாக்குத நம்ம ஆளுக வீட்டுக்கு ஏன் வரமாட்டேங்கு?" என்று கேட்டார். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு அந்தப் பவனி போகும் வழியை வகுத்தவன் நான். அவர் கேட்டது நியாயம் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

அடுத்த மாதம் அவருடைய ரகசிய அறிக்கை என் மேஜைக்கு வந்தது. ஆண்டுக்கு ஒரு முறை மேலதிகாரி எழுதும் மதிப்பீடு அது. மோசம் என்று எழுதினால் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவித்தாக வேண்டும். 'ஆவரேஜ்' என்று எழுதினால் தெரிவிக்க வேண்டியதில்லை. ஆனால் பல வருடங்களுக்குப் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது. நல்ல வேலைக்காரர் அவர். நான் 'ஆவரேஜ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சில மாதங்களில் எனக்கு வேறு பிரிவு கிடைத்தது. சீட்டில் அந்தப் பெயரைப் பார்க்கும்வரை அதை மறந்தே போயிருந்தேன்.

வியாழன் மாலை ஆறு மணிக்கு, அலுவலகம் விட்டதும், ஆலயத்தின் பக்க அறையில் நாங்கள் உட்காருவோம். நான் சொன்ன தவறுகள் எல்லாம் சில்லறைத் தவறுகள்: காலை ஜெபத்தைத் தவறவிட்டேன், மினிபஸ் கண்டக்டரிடம் கத்தினேன். அவருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. இரண்டாவது வாரமே மனதைத் திறந்துவிட்டார்.

"லிஸ்ட்ல எம்பேரு வரவே மாட்டேங்கு அண்ணாச்சி. ஒங்க காலத்துல நல்லாத்தான் எழுதியிருப்பிய. பின்னால வந்தாரே அந்த வங்காளி ஆபீசர், அவருதான் கெடுத்துட்டாரு. அவரப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. அவரு அம்மா செத்ததுக்குக்கூட நான் போவல. இந்தக் கசப்பு போவணும், ஜெபிங்க."

நான் ஜெபித்தேன். அந்த அதிகாரியை மன்னிக்கும் இருதயத்தை இவருக்குத் தாரும் ஆண்டவரே என்று, நல்ல வேதாகமத் தமிழில், ஆறு வாரம் ஜெபித்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை.

எட்டாவது வியாழக்கிழமை அவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"அண்ணாச்சி, போயிட்டேன்! அந்த ஆபீசர்ட்ட நேராப் போயி, ஒங்கள நெனச்சு மனசுல ரொம்ப நாளா கசப்பு வச்சிருந்தேன், மன்னிச்சிருங்கன்னு கேட்டுட்டேன். அவருக்கு ஒண்ணும் வெளங்கல. 'கீ ஹோலோ, கீ ஹோலோ', என்னாச்சு என்னாச்சுன்னு பதறிட்டாரு. அப்புறம் சந்தேஷ் ஸ்வீட்டு வாங்கிக் குடுத்து அனுப்புனாரு. ஸ்தோத்திரம் பண்ணுவோம்."

எந்தத் தப்பும் செய்யாத ஒருவரிடம் போய் இவர் தலைகுனிந்து நின்றிருக்கிறார். நானோ வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அதை எழுதினது அவர் இல்ல. நான்தான்" என்றேன்.

 "என்ன எழுதுனிய?" என்றார். சொன்னேன். "எதுக்கு?" என்றார். கீதப் பவனியைச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமான காரணம் என்று என் காதுக்கே கேட்டது. அவர் வேதத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாளே மேலிடத்துக்கு, அந்த மதிப்பீடு என் சொந்தக் காழ்ப்பில் எழுதப்பட்டது, திருத்த வேண்டும் என்று கடிதம் எழுதினேன். பழைய அறிக்கையைத் திருத்த விதியில் இடமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பின்னாளில், அந்தப் பதவி உயர்வைக் காணாமலே அவர் ஓய்வு பெற்றார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை. கடிதம் எழுதிய அன்றே, செயலர் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்று போதகரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதப் பெறகு பாக்கலாம். வியாழக்கிழமை போய் உக்காருங்க" என்றார்.

போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் அவர் வரவில்லை. இரண்டாம் வாரமும் இல்லை. ஆலயத்தின் வங்காளிக் காவல்காரர் ஒரே ஆளுக்காகக் கதவைத் திறந்துவிட்டு, மண் குவளையில் டீ வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார். நான்கு வியாழக்கிழமைகள் ஓர் ஆளாக அதிகாரத்தை வாசித்தேன். ஒரு வரியும் மனதில் நிற்கவில்லை.

ஐந்தாம் வாரம் அவர் வந்தார். வணக்கமாக எப்போதும் சொல்லும் 'ஸ்தோத்திரம்' இல்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சிராதிய. நாலு வாரமா முட்டி மோதுதேன், முடியல. ஒங்கள நெனச்சாலே கொதிக்கி. இந்த வாரம் நான் தவறுனது அதான். வேற யாருட்ட போய்ச் சொல்ல? எஞ்ஜோடி நீங்கதான?"

கேட்டவர் ஜெபிக்க வேண்டும் என்பது விதி. என்னை மன்னிக்க இந்த மனிதருக்குப் பெலன் தாரும் என்று, என் வாயாலேயே, அவர் காதுபடக் கேட்டேன். பாதியில் அழுதுவிட்டேன். அவர் கையை நீட்டவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. நான் திக்கித் திணறி முடிக்கும்வரை கண்ணை மூடிக் காத்திருந்தார். பிறகு, எனக்குக் கேட்கும்படி, "ஆமென்" என்றார்.