அண்ணன் சொன்ன ஒரே பொய்

எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. புளியந்தோப்பில் பிறந்து, பேசின் பிரிட்ஜ் அருகே ஒரு பட்டறையில் தொழில் பழகி, எண்ணூர் உப்பள லாரியை ஓட்டிக் குடும்பத்தைக் காத்தவர். அதிகம் பேசமாட்டார். அவர் பங்கையும் சேர்த்து நான் பேசுகிறேன் என்று அண்ணி கேலி செய்வார்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், கணவரை இழந்து திருவொற்றியூரில் அண்ணன் வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். ஆயுத பூஜையன்று லாரியைக் கழுவி மாலை போட்ட அண்ணன், சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "நீயே வைம்மா." தெருவே பார்த்தது. விளக்கு, கதவு, பெட்ரோல் டாங்கி மூடி என்று ஓரிடம் விடாமல் தாராளமாக அப்பினேன்.

மறுநாள் லாரி கிளம்பி, தேரடி தாண்டியதும் நின்றுவிட்டது. சற்றுப் பொறுத்து முடுக்கினால் கிளம்பும். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நிற்கும். அண்ணன் பிளக்கைத் துடைத்தார், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், பெட்ரோல் குழாயை வாயால் ஊதினார். ஒன்றும் பலிக்கவில்லை. உப்பள முதலாளி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"தாலியறுத்தவ பொட்டு வெச்சா வண்டி எங்கப்பா ஓடும்? தங்கச்சிய வூட்ட வுட்டு அனுப்பு. இல்ல, நாளிக்கு சாவிய குட்த்துட்டுப் போ."

என் தகரப் பெட்டியை எடுத்தேன். போக எனக்கு இடமே இல்லை.

"பொட்டிய உள்ள வைம்மா," என்றார் அண்ணன். "யாரு பொட்டு வெச்சாங்கன்னு என்ஜினுக்கு இன்னா தெரியும்?"

மறுநாளும் வண்டி நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க அவர் டாங்கி மூடியைத் திறந்தபோது, உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்றாம். மூடியில் காற்றுக்கு ஒரு சிறு துளை உண்டு. அது அடைபட்டால் பெட்ரோல் இறங்காது. துளையைக் குத்திவிட்டு ஓட்டினார். எண்ணூர் வரை வண்டி நிற்கவில்லை.

"மூடி ஓட்டைல மண்ணு அடச்சிகினு இருந்துது மொதலாளி. நாந்தான் பாக்கல."

அவ்வளவு பேர் முன்னால் முதலாளி வைததை அண்ணன் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். தெரு வாய் மூடியது. மண் என்றே நானும் நம்பினேன்.

அடுத்த வருஷம் பூஜையன்று, அண்ணன் அந்தத் துளையில் ஓர் ஈர்க்குச்சியைச் செருகிவிட்டு அதே கிண்ணத்தை நீட்டினார். "இங்க மட்டும் பாத்து வைம்மா." அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நின்ற இடத்திலேயே அழுதேன். அவர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கப் போய்விட்டார். அதன் பிறகு ஒரு வருஷமும் அந்தக் கிண்ணம் வேறு கைக்குப் போனதில்லை.

நெஞ்சுவலியால் சாய்ந்த அவரைத் தூக்கி வந்த உப்பளத் தோழர்களுக்கும், இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் என் வணக்கமும் நன்றியும். இறுதி ஊர்வலத்துக்கு அந்த லாரியையே அனுப்பிய முதலாளி ஐயாவுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்த நினைவு மலர் முதலாளி கைக்கும் வரும். ஐயா, மூடியில் இருந்தது மண் அன்று. நான் வைத்த சந்தனம்தான். வருகிற ஆயுத பூஜைக்கும் நானே வந்து வைப்பேன். ஈர்க்குச்சி கொண்டுவருகிறேன்.