பாத்துக்க என்றார் கார்டு

வனத்துறையில் தினக்கூலி வாட்சர் வேலை கிடைத்து மூன்று வருடம் ஆகிறது. ஐந்தாவது வரை படித்தவனுக்கு இந்த மலையில் அதைவிட நல்ல வேலை இல்லை. கோடையில் சருகு கூட்டித் தீத்தடுப்புக் கோடு போடுவேன், ஓடைப் பக்கம் சுற்றி வருவேன். யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

வைகாசி பிறந்ததும், எனக்கு மேலே இருக்கும் ஃபாரஸ்ட் கார்டு சார் ஓடையோரக் கடுக்காய் மரம் ஒன்றைக் காட்டினார். கிளைகளில் தடித்த இலைகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. நடுவே நகம் அளவுக்கு வெளிர் மஞ்சள் பூ. போனில் படம் எடுத்தவர், "மேல இருக்குது பாரு, அத்த பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

எங்கள் ஊரில் மரத்தின்மேல் முளைக்கிற எல்லாமே புல்லுருவிதான். விட்டால் மரத்தை உறிஞ்சிக் கொன்றுவிடும். புளியமரத்தில் கண்டால் அன்றைக்கே கத்தியோடு ஏறிவிடுவோம். இதையும் அப்படித்தான் நினைத்தேன். என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. மறுநாள் ஏறி, ஒன்று விடாமல் சுரண்டிப் போட்டேன்.

பத்து நாள் போயிருக்கும். கல்லூரியில் தாவரப் பாடம் நடத்தும் ஒரு மேடம் அந்தப் பூவைப் பார்க்க வருகிறார் என்று கார்டு சொன்னார். அதை எவனாவது தொட்டால் கேஸ்தான் என்றும் சொன்னார். நான் சுரண்டிப் போட்டது அதைத்தான்.

மூவரும் நடந்தோம். மேடம் ஒவ்வொரு மரமாகப் பெயர் கேட்டார். தெரிந்த பெயர்கூட நாக்கில் வரவில்லை. அந்த மரம் வருவதற்கு முன்பே யானை வரட்டும், மழை கொட்டட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

பட்டையெல்லாம் வெள்ளையாகச் சுரண்டல் தழும்பு. மேடம் அதைத் தடவிப் பார்த்தார். கார்டு முகம் கறுத்தது. ஆடு ஓட்டுகிற கீழூர்க்காரன் வேலையாகத்தான் இருக்கும், நாளைக்கே அவனை இழுத்து வருகிறேன் என்றார். அந்த ஆள் என் பெண்சாதிக்குச் சித்தப்பா.

"நாந்தான் சார்" என்றேன்.

"யோவ், நான் இன்னா சொன்னேன், நீ இன்னா பண்ண?"

"பாத்துக்கன்னீங்க. பாத்துக்கினேன்."

மேடம் சட்டென்று சிரித்துவிட்டார். கார்டு சிரிக்கவில்லை. சுரண்டியதை எங்கே போட்டேன் என்று மேடம் கேட்டார். கீழே கிடந்தவை காய்ந்து சருகாகியிருந்தன. ஒரு கொத்து மட்டும் தாழ்ந்த கிளைக் கவட்டையில் சிக்கி, வேர்கள் வெள்ளை நூல் போலத் தொங்க, பச்சையாக இருந்தது.

"இது புல்லுருவி இல்ல அண்ணா, மரத்த உறிஞ்சாது. சும்மா ஒட்டிக்கிட்டு மழையையும் பனியையும் குடிச்சு வாழும்" என்றார்.

என் துண்டைக் கிழித்து, வேர் பட்டையில் படும்படி கட்டினோம். எதற்கும் இருக்கட்டும் என்று மேடம் தன் போன் நம்பரைத் தந்தார். திரும்பும்போது கார்டு என் காதருகில், "அது பொழச்சா நீ வேலைக்கு வா. செத்துச்சின்னா வராத" என்றார்.

அன்றிலிருந்து விடிந்ததும் முதலில் அந்த மரத்தடிக்குத்தான் போகிறேன். ஆனி பாதி ஆகியும் மழை இல்லை. ஐந்து இலைகளில் ஒன்று மஞ்சளாகி நேற்று விழுந்துவிட்டது. தண்ணீர் ஊற்றலாமா, ஊற்றினால் அழுகுமா, தெரியவில்லை. மேடத்துக்குப் போன் போட இரண்டு நாளாகக் கூச்சம். இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். வேர் நுனி என்ன நிறம் என்று கேட்டார். போனைக் காதில் வைத்தபடியே ஏறிப் பார்த்தேன்.

"ஒண்ணு மட்டும் பச்சையா இருக்குதுங்க. மத்ததெல்லாம் பழுப்பு."

காலையில் கொஞ்சமாகத் தெளிக்கச் சொன்னார். பிழைக்குமா என்று கேட்டேன். "அந்தப் பச்சை நுனிய தினமும் பாத்துச் சொல்லுங்க அண்ணா" என்றார்.