பூசையில் மிதித்த கால்

நறுவிலிக்குளத்து டிலானி படித்தது கணினி. சான்றிதழ் வேண்டுமென்றால் ஆறு மாதம் தையல் ஆலையில் கட்டாயப் பயிற்சி என்றது கல்லூரி. மாணவி என்பதால் அங்கே சம்பளமில்லை. தொழிலாளி என்பதால் கல்லூரி லீவுமில்லை.

தேவாலயத்து ஞாயிறு பூசையில் அவளது வலது கால் இல்லாத தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தது.

"காலை ஆட்டாமல் இரடி," என்றாள் தாய் மாக்கிறட்.

"நான் ஆட்டேல்லையம்மா. அது தானா ஆடுது."

மாக்கிறட் குனிந்து பார்த்தாள். அந்த நீள வாங்கில் அமர்ந்திருந்த, அவளோடு ஆலைக்குப் போகும் பயிற்சிப் பெண்கள் எல்லோருடைய வலது கால்களும் ஒரே தாளத்தில், சத்தமில்லாமல் மிதித்தன. முகங்களோ பக்தியோடு பீடத்தைப் பார்த்தன.

"நாளைக்கு நீ போகேல்லை."

"போகாட்டிச் சேட்டிபிக்கற் தரமாட்டினம்."

"அதை அவையே வைச்சிருக்கட்டும். உன்ர காலைக் குடுக்கமாட்டன்."

மாக்கிறட் மகளின் முழங்காலை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தாள். கால் நிற்கவில்லை, அவளுடைய கைகளும் சேர்ந்து ஆடின.